குடும்பப்பெயர் என்ற கட்டம்

நவம்பர் 11

கிளை ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் துண்டுச் சீட்டு கிடைத்தது. வாராவாரம் வண்டியில் வருகிற மாதிரிப் பெட்டியில், அணையின் மேற்குக் கரைத் தண்ணீர் பாட்டிலுக்கும் ஐஸ் பைக்கும் நடுவே செருகியிருந்தது, பாதி நனைந்து. "என் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வையுங்கள். ஐரோப்பாவில் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்." இவ்வளவுதான். கட்டிய கணவனுக்கு எழுதும்போது ஒரு 'நலமா' சேர்த்தால் மை தீர்ந்துவிடாது.

இந்த யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியும். கொளுத்துகிற வெயிலில் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு அணை மேல் நடக்கிறானே, அந்தப் பொறியாளன். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு வந்தவனுக்கு ஊர் திரும்பியும் மப்ளரைக் கழற்ற மனம் வரவில்லை. போன ஞாயிறு நீ சிக்னலுக்காக அணை மேல் ஏறி என்னிடம் பேசியபோது பின்னால் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதனால்தான் போனை வைத்தேன். நீதான் முதலில் வைத்தாய் என்று நீ சொல்வாய். அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். இனிமேல் எழுதிக்கொள்வோம். எழுதும்போதாவது குறுக்கே பேச முடியாது.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். இந்தத் துறையில் முதன்முதலில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்தவன் நான். நீ வேலைக்கு வருவதற்கு முன்பே. அன்றைக்கு இருந்த மேலதிகாரி தடையில்லாச் சான்றை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, காலக்கெடு முடிந்த மறுநாள் எடுத்துக் கொடுத்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்றார். அந்த அடுத்த வருடத்துக்காகத்தான் இன்னும் காத்திருக்கிறேன். கிளை ஆய்வகப் பொறுப்பும் அப்படித்தான், மூப்புப்படி எனக்கு வர வேண்டியது உனக்கு வந்தது. நான் எதுவும் சொன்னேனா? (சொன்னேன். ஆனால் ஒருமுறைதான்.)

உன் சான்றிதழ்களை ஸ்கேன் செய்துவிட்டேன். கூடவே என்னுடையதையும். நானும் விண்ணப்பிக்கப் போகிறேன். அதே பல்கலைக்கழகம், அதே நன்னீர் அறிவியல். பட்டப்படிப்பில் யாருக்கு மதிப்பெண் அதிகம் என்பது உனக்குத் தெரியும். ஐரோப்பாக்காரனுக்காவது கண் இருக்கிறதா என்று பார்ப்போம்.

தலைமை ஆய்வகத்தில் இன்றும் இளநிலை வேதியியலாளராகவே இருக்கும்
உன் கணவன்


நவம்பர் 18

என்னங்க,

நலமா? மை தீரவில்லை.

நீங்களும் விண்ணப்பிக்கிறீர்கள் என்று படித்ததும் சிரித்தேன், பிறகு சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் கிடைத்தால் இரண்டு பேரும் படிப்பு விடுப்பில் போகலாம். ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மப்ளரைப் பற்றி. அவர் அன்று சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. அவருடைய மனைவி போனில் திட்டிக்கொண்டிருந்தார், அவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைக்கிற இடம் அணை மேல் அந்த ஒரு மூலைதான். இந்தக் கிளையில் யார் யாரிடம் திட்டு வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குவார்ட்டர்ஸில் நெட் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் நீங்கள்தான் நம் வீட்டு மின்னஞ்சலில் இருந்து அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் 'குடும்பப்பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும், காலியாக விட முடியாது என்று மப்ளர் சொன்னார். பாஸ்போர்ட்டில் இருப்பதையே போட வேண்டுமாம். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அதையே போடுங்கள்.

ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரையை இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன், நனையாது. மேற்குக் கரை பாட்டிலை முதலில் சோதித்துவிடுங்கள். மறுபடி அந்த மண் வாசனை வருகிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.


டிசம்பர் 9

பொறுப்பாளருக்கு,

மேற்குக் கரைத் தண்ணீரைச் சோதித்தேன். எல்லா அளவும் எல்லைக்குள். வாசனை என்று எதுவும் இல்லை. பாட்டில் மூடியை நன்றாகக் கழுவு.

இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பிவிட்டேன். உன் குடும்பப்பெயர்க் கட்டத்தில் என் பெயர். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர், ஆகவே எனக்கு அது. அப்பா உயிரோடு இருந்தவரை பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டியவர் இல்லை. இப்போது ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கிறார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு நம் தலைமையிடம் போனேன். தலைமை வேதியியலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன்தானே, அந்த மரியாதைக்கு எழுந்து நின்றான். உன் கடிதத்தை ஒரே மூச்சில் அடித்து முடித்தான். என்னுடையதைத் தொடங்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு மறுபடி துடைத்தான். "அவங்களுக்கு எழுதறது சுலபம் சார். என்ன பாக்கறாங்களோ அதை எழுதுவாங்க. உங்களுக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றான். அவனுக்குக் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான். கடைசியில் நான் 'நேரம் தவறாதவர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். கடிகாரத்துக்குக் கொடுக்கிற சான்று.

உன் கட்டுரையைப் படித்தேன். கோடையில் மேற்குக் கரைத் தண்ணீர் மழை நனைத்த மண்ணைப் போல மணக்கிறது என்று தொடங்குகிறாய். 'ஊர் மக்கள் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வந்தபோது, எல்லா அளவும் சரி என்று தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். என் மூக்கு அவர்கள் பக்கம் இருந்தது' என்று எழுதுகிறாய். இது என்ன எழுத்து? ஒரு வேதியியலாளர் மூக்கைப் பற்றியெல்லாம் எழுதுவாரா? அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, நம் ஆய்வகத்தின் சாதனைகளைப் பற்றி இரண்டு பத்தி நானே சேர்த்திருக்கிறேன். படிக்கக் கம்பீரமாக இருக்கிறது.

என் கட்டுரை நான்கு பக்கம் வந்திருக்கிறது. தகுதி இருந்தும் ஒரு மனிதன் எப்படி ஒதுக்கப்படலாம் என்பதைத் தேதி வாரியாக விளக்கியிருக்கிறேன். படிக்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

நீ கேட்டதாக அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "ரெண்டு பேரும் போயிட்டா வீட்டுச் சாவி எங்கிட்டயா? எனக்கு மாடி ஏற முடியாதுப்பா, ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க." யார் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.


டிசம்பர் 16

என்னங்க,

இதை வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். ஓட்டுநர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சேர்த்த இரண்டு பத்தியையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் அடித்த பத்தியை அப்படியே திரும்பப் போடுங்கள். ஒரு சொல்கூட மாறக் கூடாது.

நம் ஆய்வகத்தில் இரண்டாம் கண் என்று ஒரு முறை இருக்கிறது, மறந்துவிட்டதா? ஒருவர் குழாயின் அளவைப் படித்துச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். அடுத்தவர் அதைப் பார்க்காமல் தானாகப் படித்து எழுத வேண்டும். பிறகுதான் இரண்டையும் பிரிக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் மறுபடி படிக்கலாம். அடுத்தவர் சீட்டைத் திருத்தக் கூடாது. நாம் இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே குழாயைப் படித்தவர்கள். உங்கள் அளவு எப்போதும் என்னுடையதிலிருந்து ஒரு கோடு விலகியே இருக்கும், ஏன் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர நீங்கள் குனிய மாட்டீர்கள். நின்றபடியே படிப்பீர்கள். நான் ஒருநாளும் உங்கள் சீட்டில் கை வைத்ததில்லை. சொல்லாமல் காத்திருப்பேன், நீங்களே மறுபடி படிப்பீர்கள். அப்படிக் காத்திருந்துதானே கல்யாணம் வரைக்கும் வந்தது.

என் மூக்கு என் சீட்டு. அப்படியே அனுப்புங்கள்.


டிசம்பர் 23

அனுப்பிவிட்டேன். மூக்கோடு.

கிடைக்காவிட்டால் என்னைச் சொல்லாதே.


மார்ச் 3

அன்புள்ள என் மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை அலுவலகம் கிளம்பும் முன் மின்னஞ்சலைத் திறந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. 'அன்பார்ந்த' என்று போட்டு, அடுத்து என் பெயர். பட்டமில்லை, பதவியில்லை, என் பெயர் மட்டும். அதற்கடுத்து வாழ்த்துகள். தங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்கிறோம் என்று. கீழே இன்னும் ஏதோ பத்திகள், இணைப்புகள். என் பெயரையும் அந்த முதல் வரியையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, ஒரு செருப்பு வேறு, ஒரு செருப்பு வேறாக மாட்டிக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

எல்லோருக்கும் டீ சொன்னேன். தபால் பிரிவில் இருக்கிற அந்தப் பெண், என்னிடம் முகம் கொடுத்தே பேசாதவள், "சார் இனிமே எங்களையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். வைத்திருப்பேன் என்று சொன்னேன், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். தலைமையின் அறைக்குள் நேராகப் போய்க் கையை நீட்டினேன். அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு எழுந்து கை கொடுத்தான். 'நேரம் தவறாதவர்' என்று எழுதியவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழைய மேலதிகாரி உயிரோடு இருந்திருந்தால் அவர் வீட்டுக்கும் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அக்கா பெட்டியிலிருந்து கம்பளி நூலை எடுத்துவிட்டாள். என்னை நிற்க வைத்துத் தோளை அளந்தாள். "அங்க பனி கொட்டுமாமே. ஸ்வெட்டர் கை நல்லா நீளமா பின்னறேன்" என்றாள்.

உன் பதில் இன்னும் வரவில்லை. வரும். வராவிட்டாலும் மனதைத் தளரவிடாதே. எல்லோருக்கும் எல்லாமும் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடாது. எனக்கே எத்தனை வருடம் ஆயிற்று பார். மாத முடிவுக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டுமாம். நான் போனால் உன்னைத் தலைமை ஆய்வகத்துக்கே மாற்றச் சொல்லி அவனிடம் பேசுகிறேன். இனி நான் சொன்னால் கேட்பான்.

மப்ளரிடம் சொல். நான் விசாரித்ததாக.

உன் அன்புக் கணவன்


மார்ச் 10

என்னங்க,

உங்கள் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ஓட்டுநர் அண்ணன் வண்டியை நிறுத்தாமலேயே கத்தினார்: "சாருக்கு வெளிநாடும்மா, தெரியுமா?" மாதிரி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உங்களிடம் மறைக்க எனக்கு வராது. அன்று நாள் முழுக்கப் பாட்டில் கழுவினேன். கழுவியதையே கழுவினேன். ஒரு பாட்டில் உடைந்தது. பொறாமை என்பது உங்களுடைய பொருள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெட்டியில் சீட்டு வைத்தது நான், அந்தப் படிப்பைத் தேடிக் கண்டுபிடித்தது நான், போகப்போவது நீங்கள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. நீங்கள் இத்தனை வருடம் எப்படி அதோடு சாப்பிட்டுத் தூங்கினீர்கள் என்று அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டேன். உங்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது. கோபப்படாதீர்கள்.

வாழ்த்துகள். இதை மூன்று தாள் கிழித்துப் போட்ட பிறகு எழுதுகிறேன், அதனால் நம்பலாம்.

ஒரு வேண்டுகோள். அந்த மின்னஞ்சலை முழுசாக அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள். இணைப்புகளையும் சேர்த்து. எனக்கு என் கண்ணால் படிக்க வேண்டும். இரண்டாம் கண் படிக்காத அளவைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லையே.

அண்ணியிடம் சொல்லுங்கள், கை ரொம்ப நீளமாக வேண்டாம் என்று.


மார்ச் 17

உனக்கு,

அச்சுப்பொறி பழுது. மை உறைந்துவிட்டது என்கிறார்கள். சரியானதும் அனுப்புகிறேன்.

உன் பதிலும் வந்துவிட்டது. வருந்துகிறார்கள். போட்டி மிகுதியாம், தகுதியுள்ள பலரை ஏற்க முடியவில்லையாம். நல்ல மொழியில்தான் எழுதியிருக்கிறார்கள். நான்கு வரிதான், அதை அச்செடுத்து அனுப்புவதில் பயனில்லை.

நான் அன்றைக்கே சொன்னேன். மூக்கு வேண்டாம் என்று.

இங்கே வேலை அதிகம். கிழக்குப் பக்கக் குழாய்களை மாற்றுகிறார்கள், ஒரே தூசு. அக்கா முதுகுப் பக்கம் பின்னி முடித்துவிட்டாள். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறாள். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.


மார்ச் 24

இந்த வாரம் பெட்டியில் பாட்டில்கள் மட்டும் இருந்தன. ஐஸ் பைகளை எல்லாம் எடுத்து அடியிலும் பார்த்துவிட்டேன்.

ஓட்டுநரிடம் கேட்டேன், நன்றாக இருக்கிறாய் என்றார். ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். "தண்ணிதான் குடுத்தாங்க சார்" என்றார்.

எழுது.


மார்ச் 26

என்னங்க,

வண்டி வருகிற நாள் இல்லை இது. குழாய் பார்க்க வந்த ஆட்களின் ஜீப்பில் கொடுத்து அனுப்புகிறேன்.

போன பெட்டியில் ஏன் எழுதவில்லை என்றால், உங்கள் கடிதத்தை நம்பிவிட்டேன். எனக்குக் கிடைக்கவில்லை என்று நம்பி, ஒரு வாரம் வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டேன். மப்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். நேற்று நானாகத்தான் அணை மேல் அவரிடம் போய், கழுத்தில் இருக்கிற மப்ளரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய அப்பா அவர் கிளம்பும்போது போட்டுவிட்டதாம். அவர் திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதனால் கழற்றவில்லையாம். பிறகு அவராகவே சிரித்தார்.

"அங்க என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. முதல் மாசம் யாரோ எங்கப்பாவைத் தேடறாங்கன்னே நினைச்சேன். கடிதம் வந்தாலும் அவர் பேர்லதான் வரும்."

நான் கேட்டேன்: "ஏன் உங்க பேரு என்னாச்சு?"

"குடும்பப்பெயர்க் கட்டத்தில என்ன இருக்கோ அதான் பேரு, அவங்களுக்கு."

வெயிலில் அந்த மூலையிலேயே நின்றேன். என் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயர். உங்கள் கட்டத்தில் மாமாவின் பெயர். வாழ்த்து வந்தது உங்கள் பெயருக்கு. அப்படியென்றால் வருத்தம் யார் பெயருக்கு வந்தது? இறந்துபோன மாமாவுக்குத்தானே?

மார்ச் 3-ஆம் தேதிக் கடிதத்தில் நீங்கள் பொய் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்ததையும் செருப்பு மாறியதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. 17-ஆம் தேதிக் கடிதம் வேறு. அதை எழுதும்போது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மாத முடிவுக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அணை மேல் நின்றால் சிக்னல் கிடைக்கும். மப்ளரின் போன் இருக்கிறது. நம் மின்னஞ்சலின் கடவுச்சொல் கல்யாண நாள், அதை நீங்கள் இன்னும் மாற்றியிருக்க மாட்டீர்கள். அவர் போனை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெருந்தன்மை இல்லை இது. நானே போய் அந்தப் பொத்தானை அழுத்தினால் எனக்குப் படிப்பு கிடைக்கும். பிறகு விடுமுறைக்குத் திரும்பி வர எனக்கு ஒரு வீடு இருக்காது. உங்கள் சீட்டில் நான் கை வைக்க மாட்டேன். மறுபடி படியுங்கள். இந்த முறை குனிந்து படியுங்கள்.

மாதம் முடிந்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். மாதிரிகளின் அளவுகளை மட்டும் அனுப்பினால் போதும்.


மார்ச் 31

உனக்கு,

ஒப்புதல் தெரிவித்துவிட்டேன். அச்சுத்தாள் இதோடு இருக்கிறது, இணைப்புகள் சேர்த்து. அச்சுப்பொறி எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

நீ அச்சு கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்றே நான் முழு மின்னஞ்சலையும் படித்துவிட்டேன். இரண்டாம் பத்தியை உனக்காக இங்கே எழுதுகிறேன், நீ அச்சைப் பிரிப்பதற்கு முன் இதையாவது என் கையெழுத்தில் படி: 'தண்ணீரின் வாசனையைப் பற்றித் தாங்கள் எழுதியதைக் குழுவில் இருந்த அனைவரும் படித்தோம். அளவுகள் சரி என்று சொல்லும்போது மூக்கை நம்புகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.' நான் சேர்த்த கம்பீரமான பத்திகளை அனுப்பியிருந்தால் இந்த வரி வந்திருக்காது. அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாட்டில் கழுவியவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அப்பாவின் பெயருக்கும் பதில் வந்தது. அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாததற்கு வருந்துகிறார்கள். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அலுவலகத்தில் சொன்னேன். எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன், "இடம் எனக்கில்ல, அவளுக்கு" என்று. தபால் பிரிவுப் பெண், "அப்ப இன்னொரு டீ உண்டா சார்?" என்றாள். தலைமையின் அறைக்குப் போனேன். அவன் நிமிரக்கூட இல்லை.

"தெரியும் சார். மேடத்தை எடுக்கப் போறோம்னு, ஏதோ விளக்கம் கேட்டு அவங்க எனக்கு முன்னாடியே எழுதியிருந்தாங்க."

"தெரிஞ்சும் ஏன்யா எனக்குக் கை குடுத்தே?"

"நீங்க நீட்டிட்டீங்களே சார்."

அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காதான் அதிகம் பேசினாள். "அவளுக்குன்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா அவ அளவுக்குப் பின்னியிருப்பேனே. இப்ப பிரிக்கவா முடியும்? கையை மடிச்சுப் போட்டுக்கட்டும்." இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஸ்வெட்டரில் காலி பாட்டில்களின் ஈரம் படாதபடி தனிப் பையில்.

மேற்குக் கரைத் தண்ணீரை நேற்று மறுபடி சோதித்தேன். எல்லா அளவும் எல்லைக்குள். பிறகு மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தேன். மண் வாசனை இருக்கிறது. டிசம்பரிலும் இருந்தது.

எனக்கு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. நீ விமானத்தில் ஏறும்போதும் எரியும். அங்கிருந்து பனியைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் எரியும். அனுப்பு. மப்ளரிடம் குளிருக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொள். அவன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பேன், முன்பு.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஒப்புதல் பக்கத்தின் கடைசியில் ஒரு கட்டம் வந்தது. 'இனி தங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும்?' என்று கேட்டது. ஏற்கெனவே என் பெயரை அவர்களே அதில் நிரப்பி வைத்திருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீயும் கவனித்திருக்க மாட்டாய். இரண்டு வருடம் அந்த ஊரில் ஒவ்வொரு நாளும் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். வகுப்பில், ஆய்வகத்தில், நூலகத்தில். அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்ததில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். உன் பெயரை எழுதினேன்.

இனி அங்கிருந்து வருவதெல்லாம் உன் பெயருக்கே வரும். என் பெயர் ஐரோப்பா வரைக்கும் போய், ஒரு வாழ்த்தை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டது. இங்கேதான் இருக்கிறது, மேசையில், என்னோடு.